பின்கண்ணாடியின் நடுப்பட்டை

அத்தியாயம் 11

அலாரம் அடிப்பதற்கு முன்பே தியோ எழுந்துவிட்டான். படுக்கையின் ஒரு பக்கம்தான் கலைந்திருந்தது. சரிசெய்ய அதிக வேலை இல்லை. பல் தேய்த்தான். முகம் மழித்தான். ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டி, அடுப்பருகில் நின்றபடியே சட்டியிலிருந்து சாப்பிட்டான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். வாரத் துணியை மெஷினில் போட்டான். வெளியே வந்து காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டினான்.

சனிக்கிழமை. வழக்கமாக இதற்கு அடுத்த வேலை, மாமனார் கெரிட்டின் வீட்டுக் கொட்டகைக்குப் போய், கார்வெட் என்கிற பழைய காரைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவது. அவன் மனைவி ஜோஹானா செய்துவந்த வேலை அது. அக்டோபரில் அவள் இறந்த பிறகு அவனிடம் வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை. அவனாக எடுத்துக்கொண்டான்.

இன்று கிளப்பக் கூடாது. கெரிட் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு இஞ்சின்ல கைய வெச்சுடாதப்பா. காரப் பாக்க டாக்டர் வந்ததும் மொதல்ல பானெட்டத் தொட்டுத்தான் பாப்பாரு. சூடா இருந்தா நாம எதையோ மறைக்கிறோம்னு அர்த்தம்."

"சரி" என்றான் தியோ. ஆறு மாதமாக எல்லாவற்றுக்கும் அவன் சொல்லிவந்த பதில் அதுதான்.

கெரிட் வான்டர்வீன் ஜீலண்ட் ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவர். கூரையில் சம்பாதித்ததைக் கொட்டகையில் கார்களாக நிறுத்திவைத்தவர். ஆறு நின்றன. மனைவி லோயிஸுக்கு நடுக்கவாதம் முற்ற முற்ற, குளிர்காலத்திலேயே ஐந்தை விற்றாகிவிட்டது. ஆறாவதான கார்வெட்டை உயிர் போனாலும் விற்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் லோயிஸ் மாடிப்படியில் விழுந்தாள். மறுநாளே, அந்தக் காரை விலைக்குக் கேட்டிருந்த ஓஹாயோ டாக்டர் ஒருவருக்கு கெரிட் போன் செய்தார்.

சாலையோரமெல்லாம், பனி உருகக் கொட்டிய உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஏப்ரல் வந்தும் கழுவிவிட ஒரு மழை பெய்யவில்லை.

மாமனார் வீட்டுச் சமையலறையில் லோயிஸ் ஒரு கையால் வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மறுகைத் தட்டில் பாதாம் பூரணம் வைத்த பேங்கெட் பலகாரத் துண்டுகள். அவள் கை நடுங்கியதில் தட்டும் சேர்ந்து கிணுகிணுத்தது.

"இளைச்சிருக்கே. இன்னும் அந்த மெஷின நாற்காலி மேல உக்கார வெச்சுட்டுத்தான் இருக்கியா?"

தியோவுக்கு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. சோதனைப் பிரிவு. ஒரு மெஷின் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும். எப்போது உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

"ஆமா லோயிஸ்."

"ஒடைஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"அதுக்காவது கெட்டி உடம்பு" என்றாள்.

கெரிட் இடது கையால் காப்பியை ஊற்றி அவன் முன் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார்.

"ஒரு விஷயம். பின்கண்ணாடியப் பத்தி டாக்டர் கேப்பாரு. கம்பெனியிலருந்து வந்தபடியே இருக்குன்னு நான் சொல்லுவேன். நீ வாயத் தொறக்காதே."

தியோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஜோ நாலு குளிர்காலம் உக்காந்து வெச்ச பட்டை அது."

"எனக்குத் தெரியாதா? பக்கத்துலயே நின்னவன் நான்."

"நின்னீங்க."

கெரிட் காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். "ஒரு தடவ வெட்டினதுன்னு தெரிஞ்சா போதும், எவ்வளவு நல்லா ஒட்டினாலும் இவங்க கண்ணுக்கு அது ஊனம்தான். லோயிஸுக்கு முதியோர் இல்லத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். ஜன்னல்லருந்து ஏரி தெரியும். அது வேணுமா வேண்டாமா, நீயே சொல்லு."

"ஏரிய நான் பொறந்ததுலருந்து பாத்தாச்சு" என்றாள் லோயிஸ். "பொய் சொல்றதா இருந்தா உன் பேர்லயே சொல்லிக்கோ. என் தலையில கட்டாதே."

அந்தப் பட்டையின் கதை இதுதான். அறுபத்து மூன்றாம் வருட கார்வெட்டில் மட்டும் பின்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் கையகலத்துக்கு ஒரு பட்டை, முதுகெலும்பு மாதிரி இறங்கும். அடுத்த வருடமே கம்பெனி அதை எடுத்துவிட்டது. புதிதாக வாங்க வசதியில்லாத பையன்கள் பழைய காரின் பட்டையை ரம்பத்தால் அறுத்து, ஒரே கண்ணாடியாகப் போட்டுப் புது மாடல் என்று ஓட்டினார்கள். பிற்பாடு அந்தப் பட்டைக்காகவே இந்தக் காருக்கு விலை ஏறியது. அறுத்தவர்களெல்லாம் வாழ்நாள் முழுக்கத் தங்களையே திட்டிக்கொண்டார்கள்.

கெரிட் வாங்குவதற்கு முன்பே எவனோ இதை அறுத்திருந்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கார் பல வருடம் போர்வைக்குள் கிடந்தது. ஜோஹானாவுக்குப் படகுப் பட்டறையில் வேலை. உடைந்த ஃபைபர் படகுகளை ஒட்டுபவள். கார்வெட்டின் உடம்பும் ஃபைபர்தான். அவள்தான் கண்ணாடி இழையையும் பிசினையும் அடுக்கடுக்காகப் போட்டு, காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பட்டையைத் திரும்பக் கொண்டுவந்தாள். அக்டோபரில் நடந்த கண்காட்சியில் காருக்கு முதல் பரிசு. கெரிட் மேடையேறி, "தொழிற்சாலையிலருந்து எப்படி வந்துதோ அப்படியே வெச்சிருக்கேன்" என்றார். ஜோஹானா கீழே நின்று அவருடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைதட்டினாள். அன்று சாயங்காலம் அவள் இல்லை. மூளையில் ரத்தக்கசிவு.

டாக்டர் காலோவே சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பல்வரிசை சீராக்கும் மருத்துவர். முழங்காலுக்குப் போட்டுக்கொள்ளச் சொந்தமாக ஒரு மெத்தைத் துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"பயப்படாதீங்க கெரிட். போன வருஷம் ஃபுட்பால்ல எங்க ஸ்டேட் டீம் உங்க டீம எப்படி அடிச்சுதுன்னு நான் பேசவே மாட்டேன்."

"பேசுங்க டாக்டர். பேசப் பேச விலை ஏறும்."

இருவரும் சிரித்தார்கள். டாக்டர் கொட்டகைக்குள் நுழைந்ததும் கெரிட் சொன்னது போலவே நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். தலையசைத்தார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா?"

"உப்பு இன்னும் ரோட்டுலயே கெடக்கு, அடியில துரு புடிச்சிடும். நல்ல மழை பெய்யாம இது வெளியில வராது. வாங்காட்டியும் போங்க."

"இதச் சொல்ற ஆள்கிட்டதான் வாங்கணும்" என்றார் டாக்டர்.

அங்கேயே கிளப்பினார்கள். இரண்டாவது முயற்சியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. வெள்ளி நிற உடம்பு லேசாக அதிர்ந்தது. டாக்டர் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து காரைச் சுற்றி நடந்தார். அவர் முகம் இளகிப்போயிருந்தது. லோயிஸ் பிடிவாதம் பிடித்துக் கொட்டகை வரை வந்து, மடிப்பு நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இத விக்கிறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வந்துது?"

கெரிட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் பொண்ணு போன வருஷம் தவறிட்டா. முப்பத்து ரெண்டு வயசு. கடைசியா அவ சொன்னது என்ன தெரியுமா? 'அப்பா, இத ஒரு நல்ல மனுஷர் கையில குடுங்க'ன்னா."

டாக்டர் தொப்பியைக் கழற்றினார்.

தியோ அதை இப்போதுதான் கேட்கிறான். அவள் சாகும்போது பக்கத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான். கெரிட் அந்த நேரத்தில் பரிசுக் கோப்பையோடு கண்காட்சி மைதானத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

அவனுக்குக் கோபம் வந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை. கோபம் இப்படித்தான் இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"அவ அப்படியெல்லாம் வசனம் பேசுற பொண்ணா?" என்று லோயிஸ் முணுமுணுத்தாள். கெரிட் காதில் வாங்கவில்லை.

டாக்டர் பின்பக்கம் போய் நின்றார். பட்டையின் மேல் ஒரு விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

"இது?"

"வந்தபடியே இருக்கு. யாரும் தொட்டதில்ல."

"யாருமே?"

"யாருமே."

டாக்டர் தியோவின் பக்கம் திரும்பினார். மரியாதைக்காகக் கேட்ட மாதிரிதான் இருந்தது. "நீங்க என்ன சொல்றீங்க?"

கெரிட் அவனைப் பார்த்த பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் தியோ, கருவிகள் தொங்கும் ஆணிப்பலகைக்குப் போய் ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தான். காருக்குள் நுழைந்து, பட்டையின் உள்பக்க மூடியைக் கழற்றினான்.

"டார்ச்ச இங்க அடிங்க, டாக்டர்."

டாக்டர் குனிந்து எட்டிப் பார்த்தார். தொழிற்சாலை அச்சில் அழுத்தி எடுத்தது உள்பக்கமும் மழமழவென்று இருக்கும். இங்கே பிசினுக்கு அடியில் துணியின் நெசவு கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கையால் போட்டதற்கு அதுதான் அடையாளம். நெசவின் ஓரத்தில், பிசின் இளகியிருந்தபோது பட்டு அப்படியே இறுகிப்போன ஒரு கட்டைவிரல் ரேகை.

டாக்டர் நிதானமாகப் பார்த்தார்.

"பிரமாதமான கை. யாரு வேலை இது?"

"என் மனைவி. ஜோஹானா. அந்தக் கட்டைவிரல் அவளோடதுதான்."

சொல்லிவிட்டான். அவள் பெயர் அந்தக் கொட்டகையில் உரக்கக் கேட்டது. அது தனக்குப் போதும் என்று தியோ நினைத்தான். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அப்படித்தான் நினைத்தான்.

"ஆனா வெட்டினது வெட்டினதுதான்." டாக்டரின் குரலில் இப்போது பழைய இளக்கம் இல்லை. "எந்த முட்டாள் இத அறுத்தான்?"

"எனக்கு முன்னாடி வெச்சிருந்தவன்" என்றார் கெரிட், உடனே. நாற்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வேகம்.

மடிப்பு நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

"அந்த முட்டாளுக்கு வெளக்குப் பிடிச்ச முட்டாள் நான்தான், டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி. 'பின்னாடி ஒண்ணுமே தெரியல, இரு, புது மாடல் ஆக்கிடறேன்'னு இந்த மனுஷன் ரம்பத்த எடுத்தாரு. எங்க அப்பாகிட்ட வசதியான மாப்பிள்ளையாத் தெரியணுமாம்."

"லோயிஸ்!"

"என்ன லோயிஸ்? நான் சாகப்போறவ. எதுக்கு இன்னும் வெளக்குப் பிடிக்கணும்?"

கெரிட்டின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு மெல்லக் காது வரை ஏறியது. கூரை மேலிருந்து விழுந்து எழுந்தபோதுகூட அவர் இப்படி நின்றதில்லை.

டாக்டர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முதலில் பேசிய விலையில் கால்பங்கைக் குறைத்தார். கறாராக, ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் இருக்காரு. உள்பக்கத்த மொத்தமாத் தேச்சு எடுத்துட்டு, அச்சுல வந்த மாதிரியே பண்ணிக் குடுப்பாரு. நெசவும் தெரியாது, வெரலும் தெரியாது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் செலவுக்கும் சேத்துத்தான் குறைக்கிறேன்."

தியோவின் கையில் ஸ்குரூடிரைவர் அப்படியே இருந்தது.

"அத தேய்க்கத்தான் வேணுமா?" என்று கேட்டான்.

டாக்டர் இரக்கத்தோடு அவனைப் பார்த்தார். "நீங்க காட்டாம இருந்திருந்தா நான் மூடியத் தொறந்தே இருக்கமாட்டேன், தம்பி. இப்பப் பாத்துட்டேன். பாத்தத வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டுறது?"

கெரிட் தியோவைப் பார்த்தார். பிறகு லோயிஸின் நடுங்கும் கைகளைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

டாக்டர் முன்பணத்துக்கு ஒரு காசோலை எழுதி பானெட்டின் மேல் வைத்தார். வியாழக்கிழமை காரை ஏற்றிப் போக டிரெய்லர் வரும் என்றார். போகும்போது லோயிஸைத் தாங்கிப் பிடித்து வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டும் போனார். கெரிட் சொன்ன அந்த நல்ல மனுஷர் இவர்தான் என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொட்டகையில் இருவர் மட்டும் இருந்தார்கள். தியோ மூடியைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"திருப்தியா?" என்றார் கெரிட்.

"அவ பேரச் சொல்ல வேண்டியிருந்துது."

"சொல்லிட்ட. வியாழக்கிழமை தேச்சு எடுக்கவும் அனுப்பி வெச்சுட்ட. நான் பொய் சொன்னேன், அவ வெரல் உள்ள பத்திரமா இருந்துது. நீ உண்மையச் சொன்ன."

ஸ்குரூ ஒன்று தியோவின் கைநழுவி இருக்கைக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடினான். கிடைக்கவில்லை.

கெரிட் சட்டைப் பையிலிருந்து, சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது எடுக்கும் வெள்ளை பெப்பர்மின்ட்டை எடுத்தார். ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை இடது கையால் அவனிடம் நீட்டினார். ஜோஹானாவுக்கு மூன்று வயதில் அப்படித்தான் நீட்டியிருப்பார். தியோ வாங்கினான். வாயில் போடவில்லை.

"நல்ல மனுஷர் கையில குடுங்கன்னு அவ சொல்லல, இல்ல?"

"இல்ல."

"தெரியும். எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும்போல இருந்துது. நீ ஒண்ணும் குடுக்கல. நானே ஒண்ணு பண்ணிக்கிட்டேன்."

வெளியே கூரைத் தகரத்தில் நாலைந்து துளி விழும் சத்தம் கேட்டது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தம் நின்றுவிட்டது.

"அவ எப்படித் திட்டுவா தெரியுமா உனக்கு?" கெரிட் காரைப் பார்த்துப் பேசினார். "தினமும். மொகமூடிய எறக்கிட்டு, என்னப் பாத்துக் கத்துவா. 'அப்பா, இத அறுத்த கழுத எவனா இருக்கும்? அவன் கையில ரம்பத்தக் குடுத்தது யாரு?' அப்படிம்பா. நானும் 'ஆமாம்மா, கழுததான்'னு உப்புத்தாள எடுத்துக் குடுப்பேன். நாலு குளிர்காலம். ஒவ்வொரு நாளும் இன்னிக்குச் சொல்லிடலாம்னுதான் வருவேன். பட்டை முடியட்டும், அப்பறம் சொல்லலாம்பேன். முடிஞ்சுது. பரிசு வரட்டும்னேன்."

பெப்பர்மின்ட்டைக் கடித்தார். அது உடையும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அவளுக்குத் தெரியாதுதானே? அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். தெரியாமலே போயிட்டா. அப்படித்தானே தியோ?"

தியோ காரை விட்டு இறங்கினான். காசோலை பானெட்டின் மேல் யாரும் தொடாமல் கிடந்தது. கார்ச்சாவி அவனுடைய பையில் இருந்தது. டாக்டர் திருப்பிக் கொடுத்தபோது அவன்தான் வாங்கியிருந்தான்.

"நீதானே கூட இருந்த. உண்மையிலேயே கடைசியா என்ன சொன்னா?"

இல்லை, அவளுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். கிழவர் தூங்குவார். தெரியும் என்று சொன்னாலும் அவளுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. தியோ வாயைத் திறந்தான். எது வரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

அக்டோபரில், அந்தச் சாயங்காலம், அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவன் மேடைப் பேச்சை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தான். உன் பேரை ஏன் சொல்லவில்லை, யாரும் தொடவில்லையாம், அறுத்தது எவனோ, ஒட்டியது எவளோ என்று கத்தினான். அவள் ஒரு காலணியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போது சொன்னதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

"எவனோ இல்ல, தியோ, அப்பாதான். ரம்பம் சாஞ்ச பக்கத்தப் பாத்தாலே தெரியும், இடதுகைக்காரர் அறுத்தது. மொத நாளே கண்டுபிடிச்சுட்டேன். அவரே வந்து சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."